செக்ரட்டரி ஆகிவிட்டாயா தங்கச்சி? முதலில் இதைப் படி

கோபாலபுரம் பக்கம் முப்பது, நாற்பது வருஷப் பழைய ஃபிளாட்டில் குடியிருந்தால், என்றைக்காவது அசோசியேஷன் செக்ரட்டரி பொறுப்பு உன் தலையில் விழத்தான் போகிறது. லிஃப்டை மாற்றுவதா, சம்ப்பில் விரிசலை அடைப்பதா, பெயின்ட் அடிப்பதா, மொத்தமாக பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டுவதா? இந்தச் சண்டைகளில் பாதி, முடிவைப் பற்றியதே இல்லை. முடிவெடுத்த விதத்தைப் பற்றியது. "எங்களைக் கேட்கவே இல்லையே" என்பதுதான் பெரும்பாலும் புகார். அதனால் மீட்டிங் ஆரம்பித்ததும், "இதை எந்த முறையில் முடிவு செய்யப் போகிறோம்?" என்று கேட்டு, ஒப்புக்கொண்ட முறையை எழுதிவிடு. எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரியாதவரை எல்லோரும் நியாயமாகத்தான் பேசுவார்கள்.

வேண்டும், வேண்டாம் என்று இரண்டே பதில் உள்ள சின்ன விஷயத்துக்குக் கை தூக்கச் சொன்னால் போதும். பணம் சம்பந்தப்பட்டதென்றால் அது சரிவராது. முதல் மாடியில் இருக்கிற ரிட்டயர்டு மாமா கையைத் தூக்கிவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார். அவர் வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரர் என்ன செய்வார், பாவம்? வாட்ஸ்ஆப் குரூப்பில் போல் வைப்பதும் இதே கதைதான். யார் எதற்குப் போட்டார்கள் என்று பொதுவாக எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதற்குத் துண்டுச் சீட்டுதான் வழி. முதல் பத்து நிமிஷம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு சீட்டில் தங்கள் யோசனையைப் பேர் போடாமல் எழுதட்டும். நீ எல்லாவற்றையும் வாங்கிப் பொதுவில் வாசி. அதற்குப் பிறகுதான் விவாதம், கடைசியில் ரகசிய ஓட்டு. டெல்பெக், வான் டி வென் என்ற இரண்டு பேர் 1971-ல் ஏறக்குறைய இதே முறையை நாமினல் குரூப் டெக்னிக் என்று எழுதி வைத்தார்கள். மீட்டிங்கில் வாயே திறக்காத மாமிகளிடமிருந்துதான் நல்ல யோசனை வரும், பார். சீட்டெல்லாம் வேண்டாம் என்று அடம்பிடித்தால், வயதில் சின்னவரை முதலில் பேசவிடு. நம் ராணுவ நீதிமன்றத்திலேயே பதவியில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதிகாரி பேசிய பிறகு கீழே இருப்பவர் எங்கே மாற்றிப் பேசுவார்?

மூன்று, நான்கு யோசனைகள் போட்டியில் இருந்தால் கணக்கு மாறும். பன்னிரண்டு வீடு என்று வைத்துக்கொள். லிஃப்டுக்கு ஐந்து, சம்ப்புக்கு நான்கு, பெயின்டுக்கு மூன்று ஓட்டு. லிஃப்ட் ஜெயித்தது என்று அறிவித்தால், ஏழு வீடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் 1, 2, 3 என்று வரிசை போடச் சொல். கடைசியில் இருக்கிற பெயின்டை நீக்கிவிட்டு, அந்த மூன்று பேரின் இரண்டாவது விருப்பத்தைப் பார். அது சம்ப் என்றால் சம்ப் 7, லிஃப்ட் 5. முடிவே தலைகீழாகிவிடும்.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் இந்த வரிசை முறைதான். 1969-ல் வி.வி.கிரிக்கு முதல் விருப்ப ஓட்டு மதிப்பு 4,01,515. சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. பாதியைத் தாண்டாததால் இரண்டாவது விருப்பத்தை எண்ண வேண்டி வந்தது. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் எவ்வளவு சுருங்கிப்போனது பார்! கிரியை ஆதரித்த கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று. அப்போது முதலமைச்சர், நம் கோபாலபுரத்துக்காரர் கருணாநிதி.

பொருளாளராக ஆள் கிடைக்கவில்லையா, இல்லை இரண்டு கோஷ்டி மோதுகிறதா? குடவோலை இருக்கவே இருக்கிறது. உத்திரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 வாக்கில் வெட்டிய கல்வெட்டில் விதியெல்லாம் விவரமாக இருக்கிறது. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில், அதாவது கமிட்டியில் இருந்தவருக்கு இடமில்லை. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமே இல்லை. நமக்கு வேண்டியது இந்தக் கடைசி விதிதான். முதலில் தகுதியை வடிகட்டு, அப்புறம் குலுக்கு. குருட்டுக் குலுக்கல் ஆபத்து. (நிலமும் வேதப் படிப்பும் கேட்ட சபை அது. நீயும் நானும் குடத்துப் பக்கமே போயிருக்க முடியாது, அது வேறு விஷயம்.)

ஒருமித்த கருத்து வரும்வரை பேசுவோம் என்பது நவராத்திரிக்கு மொட்டை மாடியைக் கொடுப்பது மாதிரி விஷயங்களுக்குச் சரி. யாரும் பேசாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே. ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேள்.

இடித்துக் கட்டுவது மட்டும் தனி. அங்கே நம் இஷ்டத்துக்கு முறை வகுக்க முடியாது. 2024-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதம் வேண்டும். முன்பெல்லாம் ஒரே வீட்டுக்காரர் மறுத்தாலும் வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்காக மீதி ஒரு பங்கு ஆட்களை ஓரங்கட்டிவிடாதே. பெரும்பாலும் அவர்கள் வயதானவர்கள். திரும்பி வருவோமா என்ற பயம். மீட்டிங்குக்கு முன்னாலேயே அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசு. கட்டி முடிக்கும்வரை வாடகை யார் தருவார்கள், யூ.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு குறையும், கார் பார்க்கிங் எங்கே என்பதற்குப் பதிலோடு போ.

எந்த முறையானாலும் சீட்டுகளைக் கட்டி வை. எண்ணிக்கையை மினிட்ஸ் புக்கில் அன்றைக்கே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு காபியைக் கொடு. முதலில் காபி கொடுத்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.