நின்றால் கொதிக்கும் வான்: மின்விசிறியைச் சோதிக்கும் முறை

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து கடனெடுத்து வாங்கும் பழைய வான்தான் அவர்களது மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கிறது. அதன் எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலும் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும். பிறகு போகத்தின் வருமானம் கராச்சுக்கே போய்விடும்.

வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கும். தம்புள்ளைச் சந்தை வாசலில் வரிசையில் நிற்கும்போது விசிறிதான் அவ்வேலையைச் செய்யவேண்டும். ஆகவே, ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் கொதித்தால் முதலில் விசிறியைப் பாருங்கள். மின் மோட்டரால் சுழலும் விசிறிக்கே இப்பாடம் பொருந்தும்.

மின்சாரம் பற்றரியிலிருந்து பியூஸ், றிலே, மோட்டர் வழியாகச் சென்று, ஏர்த் வயரால் திரும்புகிறது. தண்ணீர் சூடானதும் வெப்ப சுவிச் இந்த வழியைத் திறந்துவிடும். புதிய மோட்டர் வாங்க ஓடாமல், செலவு குறைந்த இடத்திலிருந்து தேடுவோம்.

எச்சரிக்கை: சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்காதீர்கள்; கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுடும். சாவியை எடுத்த பின்பும் சில வாகனங்களில் விசிறி திடீரெனச் சுழலும். பற்றரியின் மறைமுனை வயரைக் கழற்றிய பின்னரே விசிறியில் கை வையுங்கள்.

1. தண்ணீர்: எஞ்சின் ஆறியபின் அளவைப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் வெப்ப சுவிச் சூட்டை உணராமல் போகலாம்.

2. பியூஸ்: எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ளதை மட்டும் போடுங்கள். செப்புக் கம்பியோ சிகரட் தாளோ வைத்தால் வயர் தீப்பற்றும். புதியதும் எரிந்தால் வயர் எங்கோ உரசுகிறது, அல்லது மோட்டர் இறுகியுள்ளது.

3. றிலே: அதே வகை றிலே வாகனத்தில் வேறு வேலைக்கு இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

4. மோட்டர்: பிளக்கைக் கழற்றி, பியூஸ் பொருத்திய வயரால் பற்றரியின் 12 வோல்ற்றை நேர், மறை மாறாமல் கொடுங்கள். சுழன்றால் மோட்டர் நல்லது.

5. வயர்: பழைய சிக்னல் பல்ப்பில் இரண்டு வயர் பொருத்தினால் சோதனை விளக்கு தயார். பற்றரி வயரை மீண்டும் பூட்டி, எஞ்சின் சூடாக ஓடும்போது, கழற்றிய பிளக்கின் இரு முனைகளிலும் விளக்கைத் தொடுங்கள். எரியாவிட்டால் ஒரு வயரைப் பற்றரியின் மறைமுனைக்கு மாற்றிப் பாருங்கள். இப்போது எரிந்தால் மின் திரும்பும் வழியில்தான் குறை. ஏர்த் பூட்டிய இடத்தின் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். நெடுநாள் நிறுத்திவைத்த வானில் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

6. வெப்ப சுவிச்: மற்றவை சரியெனில் இதையே சந்தேகிக்கலாம். கணினியால் இயங்கும் வாகனத்தில் இதன் வயர்களை நேரடியாக இணைக்காமல், தெரிந்த திருத்துநரிடம் காட்டுங்கள்.

வழியில் கொதித்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். ஆறும்வரை காத்திருப்பதால் சந்தை பிந்தலாம், எஞ்சின் பிழைக்கும். சோதனை விளக்கொன்றைச் செய்து சங்கத்தில் வையுங்கள். வான் ஓட்டுபவர் மட்டுமன்றி, வீட்டுக்கு ஒருவராவது இதைப் பழகிக்கொள்ளட்டும்.