ஒரு சட்டமும் ஒரு பள்ளத்தாக்கும்

அணை கட்டினால் நீர் தேங்கும். நீர் தேங்கினால் கொசு பெருகும். அப்படியிருக்க, அமெரிக்காவின் டென்னஸி நதிப் பள்ளத்தாக்கில் அணைகள் வந்தபின் மலேரியா ஒழிந்தது எப்படி?

ஏழு மாநிலங்களில் விரிந்த அந்தப் பள்ளத்தாக்கு 1930களின் தொடக்கத்தில் வறுமையில் வாடியது. மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது; 100 பண்ணைகளில் 90-க்கு மேல் மின்சாரமில்லை. 1933-இல் அரசு ஒரு சட்டத்தால் டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தை நிறுவியது. வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, மின்சாரம், மண்வளம் அனைத்தும் அந்த ஓர் அமைப்பின் பொறுப்பு. இதைக் கவனியுங்கள். மின்சாரத்துக்கு மட்டும் அணை கட்டியவர் நீர்மட்டத்தைக் குறைக்க எளிதில் ஒப்பமாட்டார். மட்டம் உயர்ந்தால்தானே மின்சாரம் மிகும்? ஆணையமோ கோடையில் மட்டத்தைச் சற்றே ஏற்றி இறக்கியது. நீர் இறங்கியதும், கரையோரச் செடிகளில் ஒளிந்திருந்த கொசுப்புழுக்கள் தரையில் காய்ந்தன. மற்றவை மீன்களுக்கு இரையாயின. மருந்தும் தெளித்தார்கள், வீட்டு ஜன்னல்களுக்கு வலையும் அடித்தார்கள்.

குறைந்த விலை மின்சாரம் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே பண்ணைகளை எட்டியது. 1948-இல் அமைந்த நமது தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கும் இதுவே முன்மாதிரி.

ஆனால், 1936-இல் முடிந்த நாரிஸ் அணைக்காக மட்டும் ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தன. நிலம் வைத்திருந்தவருக்கு விலை கிடைத்தது. குத்தகைக்கு உழுதவருக்கு அதுவும் இல்லை.