காதுக்கும் கூலி உண்டு



மிருதங்க வேலையைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறீர்கள். பலரும் உங்களிடம் முதலில் தோலைப் பற்றித்தான் பேசுவார்கள்: மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார், ஊறவைக்கும் பதம், தோல்தலையான மூட்டைப் பின்னும் லாவகம். எல்லாமே கற்க வேண்டியவைதான், ஆண்டுக்கணக்கில் பிடிக்கும். ஆனால் நீங்கள் விற்கப்போகும் சரக்கு சுருதி. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டிப்பாருங்கள். அதில் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது, சுருதி துலங்காது. மிருதங்கத்தின் வலப்பக்கத் தலையான வலந்தலையோ தம்புராவோடு இழைந்து நிற்கிறது. காரணத்தை இயற்பியலாளர் சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழிலும், 1934இல் இன்னும் விரிவான கட்டுரையிலும் எடுத்துக்காட்டினார். நடுவில் ஏற்றிய கறுப்புச் சோறு தோலின் எடையை நடுவில் அதிகமாகவும் விளிம்பை நோக்கிப் படிப்படியாகக் குறைவாகவும் கூட்டுகிறது, அதனால் மேல்சுரங்கள் முழு எண் விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. கல்பொடியும் வடித்த சோறும் பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி அப்பும் கை இந்த இயற்பியலை ராமனுக்கு முன்பே செய்து முடித்திருந்தது. எந்த அடுக்கோடு நிறுத்துவது என்பதைச் சொல்வது காதுதான். ஆகவே தோல் சுரண்டப் பழகும்போதே பாட்டும் பழகுங்கள். நம், தின், சாபு ஆகிய மிருதங்கச் சொற்களையாவது நீங்களே வாசித்துக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நாதம் வாசிப்பவரின் விரலில்தான் இருக்கிறது, வேலைக்காரர் கருவியைக் கட்டித் தருபவர் மட்டுமே என்று சிலர் சொல்வார்கள். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்தின் கதையை பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் & சன்ஸ்’ (2020) நூலில் படியுங்கள். விரல் கேட்டதைத் தோலில் கொண்டுவர இன்னொருவர் பாடுபட வேண்டியிருந்தது. அந்த உழைப்புக்குக் கிடைத்த பெயர் மட்டும் மிகக் குறைவு. இதற்கு வித்வான்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாய்வழியாகவே வந்த அறிவுக்கு எழுத்தில் சாட்சி இல்லை. எந்தத் தோல், என்ன கனம், யாருடைய சுருதி, மழைக்காலமா வெயிலா என்று ஒவ்வொரு மூட்டுக்கும் நோட்டில் குறித்து வையுங்கள். கூலிச் சீட்டில் தோலுக்கு ஒரு வரி, சுருதி அமைத்ததற்குத் தனி வரி போடுங்கள். முதலில் சிரிப்பார்கள், போகட்டும்.

செயற்கைத் தலை வந்துவிட்டதே என்றால், வந்துவிட்டதுதான். ஈரக்காற்றுக்கு அசையாது, வெளிநாட்டுப் பயணத்துக்குத் தோது, வீட்டில் சாதகம் செய்யும் மாணவருக்குப் போதும். அதை இகழ வேண்டாம், மலிவான வேலை கொஞ்சம் அந்தப் பக்கம் போகவும் செய்யும். ஆனால் தோல் தேய்வதால் வாடிக்கையாளர் திரும்பி வருகிறார். மூட்டு மாற்றும் அந்த வேலையில் உங்கள் காதை நம்பி வருபவர்தான் உங்களுக்குச் சோறு போடுவார்.

கனமான மறுப்பு வேறு. இது சாதி சுமத்திய வேலை, இதைவிட்டு வெளியேறுவதே விடுதலை என்பார்கள். வெளியேறுபவர்களைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வேலை செய்பவர்களில் தலித் கிறித்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் கட்டிய கருவி மேடையேறிய அளவுக்கு அவர்கள் ஏறவில்லை. அவர்களைப் பற்றிய கிருஷ்ணாவின் அந்த நூலை வெளியிடத் தந்திருந்த அரங்கைக்கூட, விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது சென்னையின் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. கலை புனிதம் என்ற பேச்சு இந்தக் காயத்துக்கு மருந்தாகாது. குடும்பக் கடமை என்று யாராவது சொன்னால் நுழையாதீர்கள். நுழைவதானால் ஒலி தெரிந்த கலைஞராக, அதற்கான விலையோடு நுழையுங்கள். அந்த விலை கிடைக்காத ஊரில் இந்தத் தொழிலை விட்டுவிடுவதே நியாயம்.

பட்டறையில் சேரும் முன், சோறு வைக்க எப்போது விடுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். வார் இழுக்கவும் தோல் சுரண்டவும் மட்டுமே ஆள் தேடுகிற இடமென்று தெரிந்தால், அடுத்த பட்டறையைப் பாருங்கள்.