மூலைச் சித்திரத்தையும் படிப்போம்

நம் பாடநூலில் உள்ள இந்திய வரைபடத்தில் யானை இல்லை, கப்பல் இல்லை, கடலில் நீந்தும் விநோத மீனும் இல்லை. தலைப்பு, திசை, அளவை, குறியீட்டு விளக்கம் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை அச்சான இந்திய வரைபடங்கள் அப்படிப்பட்டவை அல்ல. தலைப்பைச் சுற்றி ஒரு மூலையில் பூவேலைப்பாடும் மனித உருவங்களும் நிறைந்த ஒரு சித்திரம் இருக்கும். ஆங்கிலத்தில் கார்ட்டூஷ் என்பார்கள். வகுப்பில் நான் ‘மூலைச் சித்திரம்’ என்றே சொல்கிறேன். குழந்தைகளுக்கு அது போதும்.

சமூக அறிவியல் ஆசிரியையான நான் பத்து ஆண்டுகளாக இத்தகைய படங்களைச் சேகரிக்கிறேன். பழைய வரைபடம் சேர்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. என்னிடம் உள்ள இருபத்து மூன்று படங்களில் அசல் இரண்டுதான். இரண்டும் 19ஆம் நூற்றாண்டுப் பள்ளி அட்லஸிலிருந்து பிரிந்த சிறிய தாள்கள். மற்றவை அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பு போன்றவை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் படங்களின் ஏ3 வண்ண அச்சுகள். நம் வேலைக்கு அசலைவிட இவையே நல்லவை. முப்பது கைகள் தொட்டாலும் கவலை இல்லை.

முதலில் நான் காட்டுவது தாலமியின் படம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய நூலைக் கொண்டு 1482இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் அச்சானது. அதில் இந்தியாவின் தெற்கு முனையே காணாது. தீபகற்பம் தட்டையாகக் கிடக்கும். இலங்கையோ பூதாகரமாக இருக்கும். சிரிக்காத வகுப்பு இல்லை. சிரித்து முடித்ததும் ஒரு செய்தி சொல்வேன்: இதே தாலமி மதுரையையும் கொற்கையையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். கரையின் வடிவம் தவறு, ஊர்கள் இருந்தது உண்மை. வணிகர் சொன்னதைக் கேட்டு ஓர் ஊரின் பெயரை எழுதிவிடலாம். கடற்கரையின் வளைவைக் கேட்டு வரைய முடியாது. இதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள்.

அடுத்தது 1619இல் லண்டனில் வெளியான முகலாயப் பேரரசின் படம். தொகுத்தவர் வில்லியம் பாஃபின். வட அமெரிக்காவின் பாஃபின் விரிகுடா இவர் பெயரால்தான் வழங்குகிறது. செய்திகள் தந்தவர் ஜஹாங்கீர் அவையில் ஆங்கிலத் தூதராக இருந்த சர் தாமஸ் ரோ. ஆக்ராவிலிருந்து லாகூர் வரை சாலையின் இருபுறமும் வரிசையாக மரங்கள் வரையப்பட்டிருக்கும். அலங்காரத்துக்காகப் போட்ட கோடு என்று தள்ளிவிடக் கூடாது. அது உண்மையிலேயே இருந்த நிழற்சாலை. மேல் மூலையில் பேரரசரின் முத்திரை. படம் அச்சானது லண்டனில் என்றாலும், அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை அந்த முத்திரை காட்டிவிடுகிறது.

பிரெஞ்சுக் கம்பெனிக்காக 1752இல் தான்வில் வரைந்த படத்தை விரைவாகவே கடந்துவிடுவேன். ஆனால் அதில் உள்ள வெற்றிடங்களைக் காட்டாமல் இருப்பதில்லை. உறுதியான தகவல் கிடைக்காத பகுதிகளை மலையும் யானையும் போட்டு நிரப்பாமல் அவர் வெறுமையாக விட்டார். தேர்வுத்தாளில் தெரியாத விடைக்கும் பக்கம் பக்கமாக எழுதும் நம் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சி.

அதிக நேரம் நான் செலவிடுவது ஜேம்ஸ் ரென்னலின் படத்தில். 1767இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக நியமிக்கப்பட்டவர் இவர். 1782இல் இவர் வெளியிட்ட ‘இந்துஸ்தான்’ வரைபடத்தின் மூலைச் சித்திரத்தில் பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம் நிற்கிறது. பண்டிதர்கள் தங்கள் நூல்களை அவளிடம் ஒப்படைக்கிறார்கள். அவற்றைப் பாதுகாக்க அவள் ஏற்றுக்கொள்கிறாள் என்பது ரென்னலே தரும் விளக்கம். அவளைத் தாங்கும் பீடத்தில் ஆங்கிலேயர் வென்ற போர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு சிப்பாய் தன் தோழனுக்கு அவற்றில் இரண்டைச் சுட்டிக்காட்டுகிறான். ஒன்று போர்ட்டோ நோவா, மற்றொன்று சோளிங்கர்.

போர்ட்டோ நோவா என்பது நம் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலையில் அங்கும் செப்டம்பரில் சோளிங்கரிலும் சர் அயர் கூட்டின் படை ஹைதர் அலியை வென்றது. எட்டாம் வகுப்பில் மைசூர்ப் போர்களை நடத்தும்போது இந்தப் பெயர்கள் ஒரு வரியில் போய்விடும். லண்டனில் அச்சான ஒரு வரைபடத்தின் மூலையில், போர் நடந்த மறு ஆண்டே, நம் ஊர்ப் பெயர்கள் ஏறியிருப்பதைப் பார்த்ததும் வகுப்பே படத்தின் மேல் குனிந்துவிடுகிறது. “அந்தச் சிப்பாய் நம்ம ஆளா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். கூட்டின் படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் பெருமளவில் இருந்தார்கள். ஆகவே இருக்கலாம் என்றேன். “அப்போ நம்ம ஆளையே வச்சு நம்ம ஊர்ல ஜெயிச்சதைக் காட்டச் சொல்றாங்களா?” என்றாள்.

இதற்கு நான் விடை சொல்லவில்லை. மாறாக, சித்திரத்தில் இல்லாதது எது என்று கேட்டேன். அந்தப் போர் கர்நாடகப் பகுதியைச் சூறையாடியது. ஊர்கள் எரிந்தன, மக்கள் இடம்பெயர்ந்தார்கள், 1781–82இல் கடும் பஞ்சம் வந்தது. வெற்றிப் பீடத்தில் இவற்றுக்கு இடமில்லை. வரைபடத்தின் ஆறுகளையும் ஊர்களையும் அளவையாளராக ரென்னல் மிகுந்த கவனத்தோடு தொகுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படம் நேர்த்தியானது, சித்திரம் ஒருபக்கமானது. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன.

அசல் படம் வாங்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். பழைய செம்புத்தகட்டு அச்சில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் படத்தைச் சுற்றி இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடுகள் முழுமையாக இருக்க வேண்டும். வண்ணப் புள்ளிகளாகச் சிதறினால் அது நவீன ஆஃப்செட் அச்சு. அட்லஸிலிருந்து வந்த பெரிய படத்தில் பெரும்பாலும் நடுவே மடிப்பு இருக்கும். தாளைத் தேநீரில் தோய்த்துப் பழுப்பேற்றி விற்பவர்களும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. முழு அட்லஸைத் தாள் தாளாகக் கிழித்து விற்றால் லாபம் கூடுதல் என்பதால் நல்ல நூல்கள் அழிகின்றன. ஒரு பழைய புத்தகக் கடையில் என் கண்முன்னே பிளேடால் அறுத்து நீட்டினார்கள், நான் வாங்கவில்லை. நூலக முத்திரை உள்ள தாளையும் தொடாதீர்கள்.

வகுப்பறைச் சுவரில் மாட்டும்போது ஒவ்வொரு படத்திலும் ஆண்டைப் பெரிதாக எழுதுங்கள். பழைய எல்லைகள் இன்றைய எல்லைகள் அல்ல. நாட்டின் எல்லையைக் கற்பிக்க இந்திய நில அளவைத் துறையின் வரைபடம் மட்டுமே. அதையும் பக்கத்தில் மாட்டுவது நல்லது.

இந்தப் பாடத்தின் முடிவில், குழுவாகச் சேர்ந்து நம் ஊரின் வரைபடத்தை மூலைச் சித்திரத்தோடு வரையச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு குழு தேர்த்திருவிழாவை வரைந்தது. இன்னொரு குழு குடிநீர் லாரியையும் குடங்களின் வரிசையையும் வரைந்தது. தேர் வரைந்த படத்தைப் பார்த்த ஒரு மாணவன், “ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் உள்ள எங்க நாலு தெருவும் இதுல இல்லையே” என்றான். வரைந்தவர்கள் தாளில் இடம் போதவில்லை என்றார்கள். அவன் விரல் தேரின் மேல் இருந்தது. தாளின் கால் பகுதியை அது அடைத்திருந்தது. மறுவாரம் அந்தக் குழு புதுத் தாளில் வரைந்துவந்தது. தேர் சிறிதாகியிருந்தது. ஏரிக்கரைத் தெருக்களுக்குப் பெயர் எழுத அவனையே உடன் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.