கடதாசிச் சுருளில் பூ செய்வோம்



சென்ற விடுமுறையில் தம்பலகாமத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே தேயிலை இல்லை, நெல் வயல்தான். அந்த வீட்டுப் பிள்ளை ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். கடதாசிக் கீற்றுகளைச் சுருட்டிப் பூவாக்கி, வாழ்த்து அட்டையில் ஒட்டி, திருகோணமலைக் கடையொன்றுக்குக் கொடுக்கிறாள். இதற்குக் 'குவில்லிங்' என்று பெயர்.

இது புதுசு இல்லை. பல நூறு வருஷங்களுக்கு முன்பே ஐரோப்பியக் கன்னியர் மடங்களில், புத்தகங்களின் பொன்பூசிய ஓரத்தை நறுக்கி, இறகுக் காம்பில் சுற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரப் பெண்கள் தேயிலைப் பெட்டிகளை இப்படி அலங்கரித்தார்கள். தேயிலை அப்போது விலை கூடின சாமான். பெட்டிக்குப் பூட்டும் இருக்கும். நம்ம நாட்டில் 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்க முன்பே தேயிலையும் இந்தக் கலையும் சேர்ந்திருக்குது, பாருங்க!

செய்முறை:

1. கலர் கடதாசியை 3 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டுங்கள்.

2. ஈர்க்கு நுனியைக் கொஞ்சம் பிளந்து, கீற்றின் முனையைச் செருகிச் சுருட்டுங்கள்.

3. கழற்றிக் கொஞ்சம் விரியவிட்டு, முனையில் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டுங்கள்.

4. ஒரு பக்கம் கிள்ளினால் நீர்த்துளி. இரு பக்கமும் கிள்ளினால் இலை. ஐந்து துளியை வட்டமாக வைத்தால் பூ.

கொழுந்து கிள்ளிப் பழகிய விரலுக்கு இது கஷ்டமில்லை. பசை கூடினால் கடதாசி ஊறிப்போகும். பனிக்காலத்தில் ஈரம் இழுக்கும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

கையால் செய்த பொருளுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. கலியாண அட்டை, பெயர்ப்பலகை, தோடு என்று விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் கணக்குத் தெரியவேண்டும். "ஒரு அட்டைக்கு எவ்வளவு நேரம் போகுது?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டோம். அவள் அதைப் பார்த்ததே இல்லை. கடதாசிக் காசையும் பசைக் காசையும் மட்டும் கூட்டி விலை சொல்லியிருக்கிறாள். அவள் உழைப்பு சும்மா போயிருக்கிறது.

ஒரு அட்டைக்கு 2 மணி நேரம் என்று வையுங்கள். 8 மணி நேரத்தில் 4 அட்டை. அந்த நாலின் விலையில் செலவைக் கழித்து, மிச்சத்தை ஒரு முழுப்பேர் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் விலையைக் கூட்டுங்கள், அல்லது சுருக்கமான பூவாகச் செய்யுங்கள். கடதாசியையும் வீணாக்கக்கூடாது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திப்போடப்பட்டதை மறக்கவில்லைதானே?

மலைக்குப் போகிறதை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. படித்துவிட்டு லயத்தில் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பூவோடு கணக்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.