பார்சி மக்களின் கல்விக்கொடை

இந்தியாவில் வாழும் பார்சி இனத்தவர் தொகையிற் சிறியர், செயலிற் பெரியர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அவர்கள் 57,264 பேரே. கணித ஆசிரியராயிருந்து, 1892இல் பிரித்தானியப் பாராளுமன்றம் புகுந்த தாதாபாய் நௌரோஜி அவ்வினத்தவரே. அவ்வினத்தார் கல்விக்கு ஆற்றிய தொண்டொன்றை ஈண்டு நோக்குவோம்.

கைத்தொழில் வளர்த்த ஜம்ஷெட்ஜி டாட்டா, உயர்தர விஞ்ஞானக் கழகமொன்று அமைத்தற்பொருட்டுத் தம் செல்வத்திற் பெரும்பங்கை ஒதுக்கினார். அரசாங்கத்தின் இசைவு கிட்டுதற்குக் காலம் நீண்டது. 1904இல் அவர் மறைந்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்க, 1909இலேயே பெங்களூரில் அக்கழகம் நிறுவப்பட்டது. அதன் ஒரு கல்லையேனும் அவர் கண்டிலர்.

அதே 1909இற் பிறந்தவர் ஹோமி பாபா என்னும் பார்சி. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துவந்த அவர் 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது போர் மூண்டது. திரும்பிச் செல்லுதல் இயலாதாயிற்று. அவருக்கு இடமளித்தது பெங்களூர்க் கழகமே. பின்னர் 1945இல், டாட்டா அறநிதியின் துணைகொண்டு அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்து, இந்திய அணுவிஞ்ஞானத்துக்கு அவர் வித்திட்டார்.

கல்விக்குப் பொருள் ஈவோர், அதனாற் பயன்பெறுவார் யாவரென அறியார்; எனினும் ஈவர். தாம் பயின்ற கல்லூரிக்குப் பழைய மாணவர் செய்யக்கடவதும் அத்தகைய கொடையேயாம்.