வேலை பார்க்கும் கணினிக்கு வயர் போடுங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஏதாவதொரு தொடர்மாடியில் நின்று, போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மேல்மாடி, கீழ்மாடி, பக்கத்து வீடு என்று எல்லா ரவுட்டரும் வரிசையாக வரும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றையொன்று குழப்பாத சானல்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. அத்தனை வீடுகளும் அவற்றைத்தான் பங்குபோடுகின்றன. கொங்கிரீட் சுவர் வேறு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவரின் குரல் கூட்டத்தின் நடுவே அறுந்தால், மேலதிகாரிக்குச் சுவரோ சானலோ தெரியாது. ஆள் தயாராக வரவில்லை என்றே நினைப்பார்.

மேசைக் கணினி இடம் மாறுவதில்லை. அதற்கு வயர்தான் சரி.

வயர் போட்டும் வேகமில்லையா? உடனே கடைக்கு ஓடாதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியைத் திறந்து லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000 என்றிருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. 100 என்றிருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டு வயரில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலே வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ரவுட்டரின் போர்ட்டே 100தானா என்பதையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் குறை கணினியில்தான். கொட்டாஞ்சேனையில் நாலு பேர் ஒரே கணினியிலுள்ள கோப்புகளை எடுத்து வேலை செய்யும் சிறிய கந்தோரில் இது பெரிய வித்தியாசம்: 10 கிகாபைட் கோப்பு 100 மெகாபிட்டில் நகர 13 நிமிடத்துக்கு மேல் ஆகும், கிகாபிட்டில் ஒன்றரை நிமிடமளவில் முடியும்.

கணினியின் லான் போர்ட் பழுதாவதற்கு ஒரு காரணம் இடி மின்னல். செப்புத் தொலைபேசி வயர் வழியாக வரும் மின்பாய்ச்சல் ரவுட்டரைக் கடந்து மதர்போட்டின் லான் போர்ட்டை எரித்துவிடலாம். நல்ல கேபிளைச் செருகியும் போர்ட்டில் விளக்கு எரியாவிட்டால் அதைச் சந்தேகியுங்கள். அதற்காக மதர்போட்டையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நெட்வேர்க் காட் போதும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கேட்கவேண்டியது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 கிகாபிட் காட். ரியல்டெக் அல்லது இன்டெல் சிப் உள்ளது. செப்புக் கேபிளில் கிகாபிட் ஓடும் தரம் 1999இலேயே வந்துவிட்டது. பழகிப்போன, நம்பகமான பொருள். 2.5 கிகாபிட் காட்டைக் கடைக்காரர் காட்டினால், மறுமுனையில் உள்ள ரவுட்டரோ சுவிட்சோ அந்த வேகம் தராதவரை அது வீண்செலவு என்பேன். உங்களுடையது ஒடுங்கிய கந்தோர்க் கணினியா? காட்டைப் பூட்டும் குட்டைத் தகடு அதன் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீளத் தகட்டோடு அந்தக் காட் உள்ளே போகாது. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

டிரைவரைப் பென் டிரைவில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இணையம் இல்லாத கணினியில் அதை இறக்க முடியாது. பிறகு கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேஸைத் திறந்து, அதன் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் காட்டை ஓரத்தில் பிடித்து ஸ்லாட்டில் நேராக அழுத்துங்கள், திருகாணியைப் பூட்டுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று உலோக முனைகளில் பச்சை பூக்க வைக்கும். செருகுமுன் பார்த்துத் துடையுங்கள். எரிந்த போர்ட்டைப் பயோஸில் முடக்கிவிடுங்கள்.

கந்தோர்க் கணினி என்றால் திறக்குமுன் அனுமதி கேளுங்கள். புதிய காட்டுக்குப் புதிய மேக் முகவரி. பழைய முகவரியோடு கட்டப்பட்ட மென்பொருள் உரிமம் காலையில் திறக்க மறுக்கலாம்.

ஒன்லைன் நேர்முகத் தேர்வு இருந்தால் இந்த வேலையை முதல்நாள் இரவுக்கு வைக்காதீர்கள். ஒரு வாரம் முந்தியே பூட்டி, நண்பர் ஒருவரோடு ஒரு மணித்தியாலம் வீடியோவில் கதைத்துப் பாருங்கள்.